பத்து யூரோ மேசைக்கு எப்போது ஏறலாம்: இணையப் போக்கர் போட்டிகளில் படி மாறும் கணக்கு

சென்ற டிசம்பரில் பாரிசின் புறநகரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகன், புதுச்சேரி குருசுக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு நோட்டை என்னிடம் நீட்டினான். பதினொரு மாதங்களில் அவன் ஆடிய 412 இணையப் போக்கர் போட்டிகளின் தேதி, நுழைவுத்தொகை, ஆடியோர் எண்ணிக்கை, பிடித்த இடம், கிடைத்த பரிசு ஆகிய எல்லாமே அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அனைத்தும் ஐந்து யூரோ போட்டிகள். கட்டிய தொகை 2,060 யூரோ, அதற்கு மேல் கிடைத்த நிகர லாபம் 700 யூரோ. "நூற்றுக்கு முப்பத்து நாலு லாபம் மாமா, இனிமேல் பத்து யூரோவுக்குப் போகலாம் இல்லையா?" என்று கேட்டான். அன்று மாலை முழுவதும் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்று வேறுபாடு பார்க்காமல், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்கிறது. அதன் பிறகு இங்கே பணம் வைத்து ஆடுவதற்கு வழியில்லை, நானும் ஆடுவதில்லை. பிரான்சில் நிலை வேறு. அங்கே 2010 மே மாதச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற தளங்களில் இணையப் போக்கர் ஆடலாம், அவற்றை ஓர் அரசு ஆணையம் கண்காணிக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் வழிவந்த சொல்தா குடும்பங்கள் பலவற்றில் பிரெஞ்சுக் குடியுரிமையுடன் அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஆடுகிறவர்களுக்காகவும், விலையில்லாச் சில்லுகளை வைத்துக் கணக்கைப் பழக விரும்புகிற உள்ளூர்க்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

லாபச் சதவீதத்தைப் பார்த்தவுடன் நம்பிவிடக் கூடாது. அவனுடைய நோட்டில் ஒரு வரியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு கூட்டச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறத்தாழ ஆயிரம் பேர் ஆடிய போட்டியில் முதலிடம் பிடித்து 640 யூரோ வாங்கியிருந்த வரி அது. அதை நீக்கியதும் 700 யூரோ லாபம் 60 யூரோவாகச் சுருங்கியது. நூற்றுக்கு 34 என்பது 3 ஆனது. அந்த வெற்றி பொய்யென்று நான் சொல்லவில்லை. பெரிய போட்டிகளில் லாபம் எப்போதுமே அப்படித்தான் ஒன்றிரண்டு இரவுகளில் மொத்தமாக வரும். ஆனால் ஒரே ஓர் இரவைத் தள்ளினால் உருவமே மாறிவிடும் கணக்கை வைத்துப் படி ஏறுவது, ஒரு நாள் வலையில் விழுந்த மீனை வைத்து ஆண்டு வருமானத்தைக் கணிப்பதற்கு ஒப்பாகும்.

இது ஏன் இவ்வளவு ஆடுகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த திட்டவிலக்கத்தைக் கொண்டே பார்த்துவிடலாம். நூறு பேர் ஆடும் ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். தளம் பிடித்துக்கொள்ளும் ரேக்கை இப்போதைக்கு விட்டுவிட்டால், பரிசுப்பணம் நூறு நுழைவுத்தொகைகளுக்குச் சமம். அது முதல் பத்து பேருக்கு 30, 20, 12, 9, 7, 6, 5, 4, 4, 3 என்று பிரிக்கப்படுகிறது என்று கொள்வோம். இந்த எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1,676 வரும்; நூறால் வகுத்து, சராசரியின் வர்க்கமான ஒன்றைக் கழித்தால் பதினாறுக்குச் சற்றுக் குறைவு; அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய நான்கு. அதாவது ஒரு போட்டியின் முடிவு சராசரியிலிருந்து நான்கு நுழைவுத்தொகை அளவுக்கு அங்குமிங்கும் விலகும். இந்த நான்கை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், நூறு போட்டிகள் ஆடியபின் லாபச் சதவீதத்தில் இருக்கும் தடுமாற்றம் நாற்பது, நானூறு ஆடியபின் இருபது, ஆயிரத்து அறுநூறு ஆடியபின்தான் பத்து. ஆயிரம் பேர் ஆடும் போட்டிகளில், முதலிடத்துக்கு 150 நுழைவுத்தொகை, அடுத்தடுத்து 100, 70, 50, 40 என்று போகும் பட்டியலை இதே முறையில் போட்டுப் பார்த்தால், திட்டவிலக்கம் ஆறரையைத் தாண்டுகிறது. அவனுடைய 412 போட்டிகளுக்கு அது ஏறக்குறைய 32 விழுக்காட்டுத் தடுமாற்றம் தரும். முடிவு அதன் இரு மடங்கு வரை இருபுறமும் விலகக்கூடும் என்பதால், அவனுடைய உண்மையான திறன் நூற்றுக்கு முப்பது நட்டம் தருவதாக இருந்தாலும், நூற்றுக்கு நூறு லாபம் தருவதாக இருந்தாலும், அந்த நோட்டு இப்படி அமைந்திருக்க இடமுண்டு.

அப்படியானால் இரண்டாயிரம் போட்டிகள் ஆடும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டியதில்லை. லாபத்தைவிட விரைவாக நிலைபெறும் எண்கள் சில நோட்டிலேயே இருக்கின்றன. முதலாவது, எத்தனை முறை பரிசு எல்லைக்குள் வந்தான் என்பது. 412 போட்டிகளில் 74 முறை, அதாவது நூற்றுக்குப் பதினெட்டு. அந்தப் போட்டிகள் சராசரியாக நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குப் பரிசு தருபவை. இந்த எண்ணில் 412 போட்டிகளுக்கு உள்ள தடுமாற்றம் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், ஐந்து விழுக்காட்டு வேறுபாட்டை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. பையன் சராசரி ஆட்டக்காரனைவிட நிச்சயமாக மேல். இரண்டாவது எண், கடைசி மேசைக்கு எத்தனை முறை போனான் என்பது. ஐந்து முறை. ஆயிரம் பேரில் ஒன்பது பேர் கடைசி மேசையில் உட்காருகிறார்கள் என்றால், எந்தத் திறமையும் இல்லாமல் ஆடினாலே 412 போட்டிகளில் ஏறக்குறைய நான்கு முறை போயிருக்கலாம். ஐந்துக்கும் நாலுக்கும் இடையில் பெருமைப்பட எதுவுமில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு சித்திரம் தெரிகிறது. அவன் பொறுமையாக ஆடிப் பரிசு எல்லையைத் தொட்டுவிடுகிறான், தொட்டதும் சிறிய பரிசோடு வெளியேறிவிடுகிறான். எழுபத்து நான்கில் பெரும்பாலானவை கடைநிலைப் பரிசுகளாகவே இருந்தன. முதல் ஐந்து இடங்களே மொத்தப் பணத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் எடுத்துக்கொண்டு போகும் விளையாட்டில் இது முக்கியமான குறை. ஏறுவதற்கு முன்பு திருத்த வேண்டியது இதைத்தான்: பப்பிள் (பரிசு எல்லைக்குச் சற்று முந்தைய கட்டம்) நெருங்கும்போது சில்லுகளைப் பொத்திப் பொத்தி வைப்பதையும், எல்லை தாண்டியபின் எட்டு பத்து பிக் பிளைண்டோடு (ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் ஒருவர் கட்டாயமாக வைக்கும் சில்லுத் தொகைதான் பிக் பிளைண்ட்) தவிப்பதையும். கடைசி மேசையில் சில்லின் மதிப்பும் பணத்தின் மதிப்பும் எப்படிப் பிரிகின்றன என்பதைச் சொல்லும் ஐ.சி.எம். கணக்கை அவன் ஒரு முறைகூட உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கவில்லை.

இனி பணத்தின் பக்கம் வருவோம். கையில் எத்தனை நுழைவுத்தொகை இருந்தால் ஒரு படியில் நிற்கலாம் என்பதற்கு நூறு, இருநூறு என்று வாய்மொழியாகப் பல எண்கள் சுற்றுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. பேங்க்ரோல், அதாவது ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய கையிருப்பு, முழுவதும் கரைந்துபோகும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், தேவைப்படும் நுழைவுத்தொகைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இப்படி வரும்: திட்டவிலக்கத்தின் வர்க்கத்தை ஒன்றரையால் பெருக்கி, ஒரு போட்டிக்கான லாப விகிதத்தால் வகுக்க வேண்டும். நூறு பேர் போட்டியில் வர்க்கம் 16, லாபம் நூற்றுக்கு இருபது என்றால், 24-ஐ 0.2-ஆல் வகுக்க 120. ஆயிரம் பேர் போட்டியில் வர்க்கம் 44, லாபம் நூற்றுக்கு முப்பது என்றால், 66-ஐ 0.3-ஆல் வகுக்க 220. லாபம் பாதியானால் தேவை இரு மடங்கு. லாபமே இல்லாதவருக்கு எந்தப் பேங்க்ரோலும் போதாது என்பதையும் இதே கணக்கு சொல்கிறது.

இதை அவன் எண்களில் போட்டோம். ஐந்து யூரோவில் உண்மையிலேயே நூற்றுக்கு முப்பது லாபம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், ஒரு போட்டிக்கு ஒன்றரை யூரோ கிடைக்கும், 220 நுழைவுத்தொகை, அதாவது 1,100 யூரோ கையில் இருந்தால் போதும். அவனிடம் 1,150 இருந்தது. பத்து யூரோவில் எதிராளிகள் சற்று வலுவாக இருந்து, லாபம் நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைகிறது என்று கொள்வோம். அப்போதும் ஒரு போட்டிக்குக் கிடைப்பது அதே ஒன்றரை யூரோதான். ஆனால் தேவைப்படுவது 440 நுழைவுத்தொகை, அதாவது 4,400 யூரோ. அதே வருமானத்துக்கு நான்கு மடங்கு முதல்! திண்ணையில் அவன் அந்த வகுத்தலை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான். ஆகவே தொகை இரட்டிப்பாகும் படியில் ஏறும்போது, இப்போதைய லாப விகிதத்தில் பாதிக்கு மேல் மேலேயும் தங்குமா என்பதே முதல் கேள்வி. தங்காதென்றால், கையில் எவ்வளவு இருந்தாலும் ஏறுவதில் பொருளில்லை.

கடற்கரைப் பக்கம் பெத்தாங் ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்த ஆட்டத்தில் சிறு மரக்குண்டை ஆறு மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எங்கு வேண்டுமானாலும் எறிந்து வைக்கலாம். ஆறு மீட்டரில் எதிராளியின் இரும்புக்குண்டைத் தவறாமல் அடிக்கிற கை, ஒன்பது மீட்டரில் பாதி நேரம் மண்ணை அடிக்கும். கை அதேதான், குண்டும் அதேதான்.

மேலே எவ்வளவு தங்கும் என்பதைக் காசு கட்டாமலே ஓரளவு அளக்கலாம். இரண்டு வாரம் தினமும் தன் ஐந்து யூரோ போட்டிக்குப் பதிவு செய்யும்போதே, அதே நேரத்துப் பத்து யூரோ போட்டியின் லாபியையும் (பதிவு விவரப் பக்கத்தையும்) திறந்து பார்த்து, எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், அதில் எத்தனை பெயர்கள் தனக்கு ஏற்கெனவே பழக்கம், பிளைண்ட் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். வெளியேறிய இரவுகளில் உடனே தூங்கப் போகாமல், பத்து யூரோ போட்டியின் கடைசி இரண்டு மேசைகளை அரை மணி நேரம் பார்வையாளராகப் பார்க்கலாம். யார் பிக் பிளைண்டை எளிதில் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் விடாமல் திருப்பி அடிக்கிறார்கள் என்பது அதிலேயே தெரியும். பிரான்சில் தனியொரு சிக்கலும் உண்டு. 2018-லிருந்து சில தளங்களில் ஸ்பெயின், போர்த்துகல் நாட்டவரும் அதே மேசைகளில் உட்காருவதால், அங்கெல்லாம் ஆடுவோர் எண்ணிக்கை பெருகியிருக்கிறது. எண்ணிக்கை பெருகினால் முதல் பரிசு பெருகும், கூடவே திட்டவிலக்கமும் பெருகும். அதனால் ஒரே தொகைக்கு இரண்டு போட்டிகள் இருந்தால், முதன்முதலில் ஏறுகிறவருக்கு இருநூறு பேர் ஆடும் சிறிய போட்டியே ஏற்றது என்பது என் கருத்து. பிளைண்ட் வேகமாக ஏறும் டர்போ போட்டிகளைப் பழகும் காலத்தில் தள்ளிவைக்கலாம். ஆளை வெளியேற்றினால் உடனடிப் பணம் தரும் நாக்-அவுட் போட்டிகள் ஏற்ற இறக்கத்தைச் சற்றுத் தணிக்கும்.

மேலே சொன்ன வகுத்தல் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஆடுகிறவர் எவ்வளவு தோற்றாலும் அதே படியிலேயே கடைசிக் காசு வரை ஆடுவார் என்பது. அப்படி ஆடத் தேவையில்லை. தோற்றால் கீழே இறங்கிவிடுவேன் என்பவருக்கு 440 நுழைவுத்தொகை வேண்டியதில்லை. மிகக் குறைவான தொகையோடும் அவர் ஏறிப் பார்க்கலாம். இறங்கத் தயாராக இருப்பதே பேங்க்ரோலின் ஒரு பகுதி என்று சொல்லலாம். 2006-ல் ஒரு யூரோகூட, ஒரு டாலர்கூடக் கட்டாமல் இலவசப் போட்டிகளிலிருந்து தொடங்கிப் பத்தாயிரம் டாலரைச் சேர்த்துக் காட்டிய போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன், பல மேசைப் போட்டிகளில் கையிருப்பின் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் கட்டுவதில்லை என்று விதி வைத்திருந்தார். அது ஐம்பது நுழைவுத்தொகைதான். கையிருப்பு குறைந்தால் அந்த இரண்டு விழுக்காடும் தானாகவே குறையும் என்பதால்தான் ஐம்பதோடு அவரால் காலம் தள்ள முடிந்தது.

எனவே ஏறுவதற்கு முன்பே இறங்கும் எண்ணை எழுதிவைக்க வேண்டும். ஏறியபின் எழுதலாம் என்றால் எழுத மாட்டோம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2024-ல் இங்கே ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு 550 ரூபாய் போட்டியில் 48,000 ரூபாய் வந்தது. மறுநாளே 2,200 ரூபாய் மேசைக்குப் போனேன். ஐந்து வாரத்தில் பதினொரு போட்டிகளில் தோற்றதாகத்தான் மனத்தில் இருந்தது. பிறகு கணக்குப் பார்த்தால் ரீ-என்ட்ரிகளையும் (வெளியேறியபின் மீண்டும் காசு கட்டி நுழைந்தவற்றையும்) சேர்த்துப் பத்தொன்பது நுழைவுகள், 41,800 ரூபாய். எந்த இடத்தில் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால், ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒன்று" என்பது நியாயமாகவே பட்டது. ரீ-என்ட்ரி உள்ள பத்து யூரோ போட்டியைப் பத்து யூரோ போட்டி என்று எண்ணாதீர்கள். கடந்த முப்பது போட்டிகளில் சராசரியாக எத்தனை முறை திரும்ப நுழைந்தீர்கள் என்று பார்த்து, அந்தத் தொகையையே அதன் விலையாகக் கணக்கில் வையுங்கள்.

ஏறுவதையும் ஒரே நாளில் முழுதாகச் செய்யத் தேவையில்லை. அவனுக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம் இதுதான். கையிருப்பு 1,500 யூரோவைத் தொடும்வரை ஐந்து யூரோவிலேயே இருப்பது. தொட்டபின் பத்துப் போட்டிக்கு இரண்டை மட்டும் பத்து யூரோவில் ஆடுவது. அப்போது சராசரி நுழைவுத்தொகை ஆறு யூரோ, கையில் இருப்பது 250 நுழைவுத்தொகை. 1,200-க்குக் கீழே போனால் மறுபேச்சில்லாமல் எல்லாம் ஐந்து யூரோ. இருநூறு போட்டிகளில் ஐம்பது நுழைவுத்தொகை இறங்குவது நல்ல ஆட்டக்காரருக்கும் சர்வ சாதாரணம் என்பதால், இறங்குவதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். தலையாட்டினான்; அந்த வயதில் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

பெரிய போட்டிக்கான நுழைவையே பரிசாகத் தரும் சாட்டிலைட் போட்டிகள் வழியாக ஏறலாமே என்று கேட்டவன், வழக்கம்போல 2003 உலகப் போக்கர் போட்டியின் கதையைத் தொடங்கினான். கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் சாட்டிலைட்டில் வென்று பத்தாயிரம் டாலர் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 839 பேரில் முதலாவதாக வந்து 25 இலட்சம் டாலர் வென்ற கதை. அந்தக் கதையில் நான் பார்ப்பது கடைசி எண்ணை அல்ல, முதல் எண்ணை. அவர் பணயம் வைத்தது 86 டாலர். சாட்டிலைட்டின் விலை உங்கள் இப்போதைய படிக்குள் அடங்கும் என்றால் அது ஏறுவதற்கான மிக மலிவான வழி. அடங்காவிட்டால் அதுவே ஒரு படி ஏற்றம்தான்.

பணம் போதும், எண்களும் சரி, ஆனாலும் மேலே கை நடுங்குகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பரிசு எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கிறது, எட்டு பிக் பிளைண்டோடு பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இடத்தில்) இருக்கிறீர்கள், உங்களுக்கு முன் எல்லோரும் சீட்டை மடித்து விலகிவிட்டார்கள், கையில் ஏஸும் ஐந்தும். ஐந்து யூரோ மேசையில் யோசிக்காமல் எல்லாவற்றையும் முன்னால் தள்ளுவீர்கள். பத்து யூரோ மேசையில் அதே கையை மடித்தீர்கள் என்றால், அந்தத் தொகை உங்களுக்கு இன்னும் பெரிய தொகை. முதல் ஐம்பது போட்டிகளில் வெளியேறிய கைகளை மட்டுமாவது மறுநாள் திரும்பப் பார்த்து, இப்படி எத்தனை முறை மடித்தீர்கள் என்று எண்ணுங்கள். நேரத்தையும் பாருங்கள். பாரிசில் இரவு ஒன்பதுக்குத் தொடங்கும் பெரிய போட்டியின் கடைசி மேசைக்குப் போகப் பின்னிரவு ஆகிவிடும். இவனோ கிடங்கு வேலைக்குக் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவன். வாரநாள்களில் பத்து யூரோ வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பது அதனால் வந்த ஏற்பாடு. (தோற்ற இரவுகளில் எனக்கு அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்; அங்கே ஒன்பதென்றால் இங்கே குளிர்காலத்தில் ஒன்றரை மணி.)

போக்கருக்கென்று ஒதுக்கிய பணம் வீட்டு வாடகையோடும் ஊருக்கு அனுப்பும் பணத்தோடும் கலந்துவிட்டால், மேலே உள்ள எந்தக் கணக்கும் செல்லாது. பிரெஞ்சுத் தளங்களில் கணக்குத் தொடங்கும்போதே எவ்வளவு பணம் போடலாம் என்ற வரம்பை ஆடுபவரே குறிக்க வேண்டும். அந்த வரம்பை ஏறும் நாளில் உயர்த்தாதீர்கள். படி ஏறுவதற்கான பணம் வென்ற பணத்திலிருந்து வர வேண்டும், சம்பளத்திலிருந்து அல்ல. இறங்கும் எண்ணைத் தாண்டியும் இறங்க முடியவில்லை, இழந்ததைப் பிடிக்கக் கூடுதலாகப் பணம் போடுகிறேன் என்ற நிலை வந்தால், அது படி பற்றிய கேள்வியே அல்ல. அங்கே ஆணையத்திடம் தன்னைத்தானே தடை செய்துகொள்ளும் வழி இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அதைத் திரும்பப் பெற முடியாது.

மருமகன் பிப்ரவரி நடுவில் 1,500-ஐத் தொட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து யூரோ ஆடத் தொடங்கினான். மார்ச் கடைசியில் நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான்: கையிருப்பு 1,190, அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு, அடுத்த வரியிலிருந்து எல்லாமே ஐந்து யூரோ. பத்து யூரோவில் ஆடிய பதினெட்டில் கடைசி மேசை ஒன்று, ஏழாவது இடம்.